கைதி வளர்த்த ஆட்டுப்பட்டி

கண்டி மாநகரிலிருந்து மாத்தளையை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், பிங்கா ஓயாவை அடுத்து அமைந்த ஊர் அக்குறணை. அதனைக் கடந்து செல்வோர் கண்ணில் முதலிற் படுவன கடைத்தெருவின் நெருக்கமும் ஊர்திகளின் ஆரவாரமுமே. ஆனால் சாலையை விட்டு விலகிச் சற்று மேட்டில் ஏறினால் வேறோர் உலகம் தோன்றும். பலாவும் தென்னையும் கமுகும் நிழல் பரப்பி நிற்கும். அவற்றைப் பற்றி மிளகுக்கொடி ஏறும். கராம்பும் கோப்பியும் வாழையும் இடையிடையே தழைத்திருக்கும். அவற்றின் நடுவே ஒரு வீடு. முற்றத்தைக் கிளறும் சில கோழிகள். வேலியோரத்துத் தழையைக் கடிக்கும் ஓர் ஆடு. கண்டிய வீட்டுத்தோட்டம் என்று வேளாண்மை அறிஞர் வியந்து பேசும் தோட்டம் இதுவே. காடும் வயலும் பட்டியும் ஒருங்கே அடங்கிய இந்தச் சிறு வளவு, இம்மலைநாட்டு மக்களின் நெடுங்கால இன்பம்.

அக்குறணை முஸ்லிம்களிடையே ஒரு மரபு வழங்கிவருகின்றது. கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்கனின் காலத்தில் இங்கு வந்த அராபியர் மூவர், மலைநாட்டுப் பெண்களை மணந்து இவ்வூரில் நிலைகொண்டனர் என்பது அது. அம்மன்னன் 1635 முதல் 1687 வரை அரசு செலுத்தியவன். அவனுடைய நாட்டில், இவ்வாறு விரும்பி வேரூன்றிய அந்நியரும் இருந்தனர். விரும்பாது வேரூன்ற வைக்கப்பட்ட அந்நியரும் இருந்தனர். இரண்டாம் வகையினருள் ஒருவர் கண்டிக்கு அண்மையில், உடுநுவரைப் பகுதியில், ஒரு வளவை விலைக்கு வாங்கி, வீடு கட்டி, ஆடும் கோழியும் வளர்த்து வாழ்ந்தார். றொபேட் நொக்ஸ் என்னும் அவர் பெயரை இலங்கை வரலாறு கற்றோர் யாவரும் அறிவர். ஆயினும் அவர் நூலை அறிந்தோர் தொகையினும் அவர் ஆட்டுப்பட்டியை அறிந்தோர் தொகை குறைவே.

மாலுமி மகன்

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு இலண்டனில் ரவர் ஹில் என்னும் பகுதியிற் பிறந்தார். அவர் தந்தையாரின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. தந்தையார் கப்பற்றலைவர், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் வாணிகத்தில் ஈடுபட்டவர். மகனோ பதினான்கு வயதிலேயே தந்தையாருடன் கடலேறிச் சென்னைக் கோட்டைக்கு வந்து மீண்டவர். 1658ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இருவரும் ஆன் என்னும் கப்பலில் இரண்டாம் முறை கீழைத்தேயம் நோக்கிப் புறப்பட்டனர்.

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மசூலிப்பட்டணத்துக் கடலில் அக்கப்பல் பெரும்புயலில் அகப்பட்டது. பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. புதிய மரம் நாட்டவும், அவ்வேளையிற் சிறிது வாணிகம் செய்யவும் கப்பல் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே அரசனுடைய ஆட்கள் நயமாகப் பேசிக் கப்பற்றலைவரைக் கரையில் இறங்கச் செய்தனர். 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் தந்தையும் மகனும் பிடிபட்டனர். அவர்களோடு சேர்த்துக் கைதானோர் 16 பேர். மகனுக்கு அப்பொழுது வயது 19.

இராசசிங்கன் தன் கைதிகளைக் கற்சிறையில் அடைப்பவனல்லன். ஒல்லாந்தர், போர்த்துக்கேயர், பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் என்று பல நாட்டவரை அவன் பிடித்துவைத்திருந்தான். அவர்களை ஊர்தோறும் பிரித்து வைத்து, அவ்வவ்வூர் மக்களே உணவளிக்கக் கட்டளையிடுவது அவன் வழக்கம். மலைகளே மதில்கள், கணவாய்களிற் காவலர் நின்ற முட்கதவுகளே சிறைவாயில்கள். அவற்றினுள்ளே கைதி உலாவலாம், உழைக்கலாம், மணம் புரியலாம். ஊர் திரும்புவது ஒன்றே இயலாதது.

தந்தையின் புதைகுழி

நொக்ஸும் தந்தையாரும், இன்றைய குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்த பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். குளிர்காய்ச்சல் இருவரையும் வாட்டியது. 1661ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தந்தையார் உயிர் நீத்தார். உடலை அடக்கஞ்செய்ய உதவி கேட்டபொழுது, காட்டுக்குள் இழுத்துச் செல்வதற்கென ஒரு கயிறு மட்டும் வந்து சேர்ந்ததாம். நோயினால் நலிந்திருந்த மகன் அதற்கு உடன்படவில்லை. அரிதின் முயன்று முறைப்படி அடக்கஞ்செய்தார்.

அந்நாளில் நொக்ஸின் பக்கத்தில் இருந்தவன் ஓர் ஏவற்சிறுவன். பறங்கிப்பேட்டையிலிருந்து தந்தையார் கொண்டுவந்தவன் அவன். தமிழ்க் கடற்கரையிலிருந்து வந்த அச்சிறுவனின் பெயரை வரலாறு காத்துவைக்கவில்லை. தலைவர்களும் தன்னைப்போலக் கைதிகளே என்பதைக் கண்டுகொண்ட பின் அவன் அவர்கள் ஏவலுக்குப் பணிய மறுத்தான் என்பது மட்டும் தெரிகின்றது. விடுதலையின் பொருளை அவ்வீட்டில் முதலில் உணர்ந்தவன் அவனே எனலாம்.

தனித்துவிடப்பட்ட இளைஞருக்குத் துணையாயின இரண்டு. ஒன்று, ஆங்கில விவிலிய நூற்படி ஒன்று. முதியவர் ஒருவரிடம் எவ்வாறோ வந்திருந்த அதனை, தம் கையாற் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து நொக்ஸ் பெற்றுக்கொண்டார். மற்றது, கைத்தொழில். நூலினால் தொப்பி பின்னி விற்பதைக் கைதிகள் தம் பிழைப்பாகக் கொண்டனர். சமைத்த உணவு வேண்டாம், அரிசியாகவே தருக என்று ஊராரிடம் கேட்டுப் பெற்றனர். உண்டது போக எஞ்சியது கைமுதலாயிற்று. சிறுகச் சிறுகப் பன்றியும் கோழியும் வாங்கி, தென்னந்தோப்பில் ஒரு குடில் அமைத்து, நொக்ஸ் தம் முதலாவது இல்லத்தை உருவாக்கினார்.

அவ்வில்லம் நிலைக்கவில்லை. ஒல்லாந்தர் படை நெருங்கியபொழுது கைதிகளை உடனே உள்நாட்டுக்கு அகற்ற ஆணை வந்தது. சேர்த்தவற்றை விட்டுச் செல்ல நேர்ந்தது. பின்னர் வேறோரிடத்திலும் அவ்வாறே குடியமர்ந்து, அவ்வாறே பெயர்க்கப்பட்டார். இலகுந்தெனிய என்னும் மலையுச்சிச் சிற்றூரில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழிந்தன. அரச தண்டனைக்கு ஆளானோரைக் குடியேற்றும் வறண்ட பாறைநிலம் அது. ஒவ்வொரு முறையும் வீடு போயிற்று; கோழி போயிற்று; வேலி போயிற்று. ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் வேலி கட்டினார். இவ்வுறுதியே அவர் வாழ்க்கையின் சாரம்.

எலதெத்தை வளவு

மலையிலிருந்து இறங்கிய நொக்ஸுக்கு உடுநுவரையின் எலதெத்தை என்னும் ஊரில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தது. விலை 25 லாறின்; அதாவது அந்நாளைய ஐந்து டொலர். லாறின் என்பது வளைந்த வெள்ளிக் கம்பியாலாகிய காசு. நாளை எங்கே கொண்டுசெல்லப்படுவோம் என்று அறியாத ஒரு கைதி நிலம் வாங்குவது அறிவுடைமையா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பகுதித் தலைவரிடம் இசைவு கேட்டார், இசைவு கிடைத்தது, நிலத்தை வாங்கினார்.

பிறநாட்டுக் கைதி ஒருவர் பணம் கொடுத்துத் தம் பெயரில் மண் வாங்கிய இச்செயல் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நினைத்துப் பார்ப்போம். அதுவரை அவர் உண்டது அரசன் ஆணையால் வந்த உணவு. இருந்தது அரசன் காட்டிய இடம். எலதெத்தையில்தான் முதன்முதலாக, எந்த மரத்தை எங்கே நடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு வாய்த்தது. தென்னையும் பழமரங்களும் நட்டார், வேலி அடைத்தார், வீடு எழுப்பினார்.

மணமாகாத ஆங்கிலேயர் மூவர் அவரோடு சேர்ந்து வாழ்ந்தனர். பெண்ணொருத்தி இவ்வீட்டிற் குடிபுகலாகாது என்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். குடும்பம் ஏற்பட்டால் கால்கட்டு விழும். தாயகம் மறந்துவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆயினும் இருவர், விடுதலைக்கு வழியில்லை என்று நொந்து, மணம் செய்துகொண்டு பிரிந்தனர். எஞ்சியவர் நொக்ஸும் ஸ்டீபன் றட்லண்ட் என்பவருமே.

இவ்விருவரும் ஆடு வளர்க்கத் தொடங்கினர். தொடங்கியபொழுது பட்டியில் நின்றவை இரண்டே ஆடுகள். அவை பெருகின. பல ஆடுகள் கொண்ட பட்டியாயிற்று. ஊரில் ஆட்டிறைச்சி உண்டு பழகிய ஆங்கிலேயருக்கு அந்த உணவும் கிடைத்தது. கோழிகளும் பன்றிகளும் கூடவே வளர்ந்தன. விடுதலை விரைவில் வாராது என்று கண்டபின், இருக்கும் வீட்டையேனும் இனிதாக்குவோம் என்று இருக்கைகளும் பிற வசதிகளும் தம் கையாற் செய்துகொண்டனர். சுவர்களுக்கு வெண்சுண்ணம் தீட்டினர். அக்காலக் கண்டி இராச்சியத்தில் வெண்சுண்ணம் தீட்டப்பெறுவன அரண்மனைகளும் கோயில்களுமே. குடிமக்கள் வீட்டுக்கு அது விலக்கு. பிறநாட்டார் என்பதனாற் போலும், அவர்களை எவரும் தடுக்கவில்லை. மரங்களின் பசுமைக்கிடையே, அரசனின் கைதி ஒருவர் அரசனைப்போல வெள்ளைச் சுவருக்குள் உறங்கினார்!

வருவாய்க்கு நெல்லைக் கடனாகக் கொடுத்தனர். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி என்பது நாட்டு வழக்கம். வேண்டா விருந்தினராய் வந்த அந்நியர் சில ஆண்டுகளில் உள்ளூர் உழவருக்கே கடன் கொடுப்போராயினர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. கடனைத் தண்டுவது பெருந்தொல்லையாகவே, பின்னர் சில்லறைப் பண்டங்களைச் சுமந்து ஊரூராய்த் திரிந்து விற்கும் தொழிலை மேற்கொண்டனர்.

கண்டுகற்ற கண்

வளவு வாழ்க்கை நொக்ஸுக்கு உணவை மட்டும் தரவில்லை. ஒரு கண்ணையும் தந்தது. விருந்தினராய் வந்து போகும் தூதர் காணாதவற்றை, வேலி கட்டி விதைத்து அறுப்பவர் காண்பர். ஏழு மாதத்தில் விளையும் நெல், ஐந்து மாதத்தில் விளையும் நெல், மூன்று மாதத்தில் விளையும் நெல் என்று நெல்லினங்களை அவர் பகுத்தறிந்தார். களத்தில் எருமைகள் சூடு மிதிப்பதைக் கண்டார். மழைக்காலத்து அட்டையின் கடியையும் அதற்கு மருந்தையும் தம் கால்களால் அறிந்தார். தாளிப்பனையின் ஓரிலை பலரை மழையினின்று காக்கும் விந்தையை வியந்து குறித்தார். உழவனின் தகுதியை அரசனின் தகுதியோடு ஒப்புநோக்கும் சிங்களப் பழமொழியை மேலைநாட்டுக்கு அறிவித்தவரும் அவரே. பின்னாளில் அவர் எழுதிய நூல் பதினேழாம் நூற்றாண்டுக் கண்டி மக்களின் வாழ்வுக்குச் சிறந்த சான்றாக இன்றும் போற்றப்படுவதற்கு இதுவே காரணம். அதனை எழுதிய அறிவு பட்டியிலும் களத்திலும் பிறந்தது.

இந்நாட்களில் அரண்மனைச் சேவைக்கு நொக்ஸ் அழைக்கப்படும் நிலையும் ஒருகால் ஏற்பட்டது. அரசனருகில் உயர்ந்தோர் பலர் அவன் சினத்துக்கு இரையானதை அவர் அறிவார். எனவே அவ்வுயர்வை அஞ்சி ஒதுங்கினார். ஆட்டுப்பட்டியே அவருக்கு அரண்மனையினும் பாதுகாப்பான இடமாயிற்று.

அவ்வீட்டில் ஒரு குழந்தையும் வளர்ந்தது. சக கைதியாகிய ஆங்கிலேயர் ஒருவரின் மகள் லூசியா. அச்சிறுமியை நொக்ஸ் எடுத்து வளர்த்து அன்பு பாராட்டினார். மனையாள் வேண்டாம் என்று கதவை அடைத்தவர், மகளன்பு வேறு வாயிலால் நுழைவதைத் தடுக்க இயலவில்லை.

ஆடுகளுக்கு ஒரு காவலர்

இவ்வளவு இனிமைக்கிடையிலும் அவர் வடதிசையை மறக்கவில்லை. மிளகும் பூண்டும் சீப்பும் இரும்புக் கருவியும் சுமந்து வடபகுதி ஊர்களுக்கு அவரும் றட்லண்டும் சென்றது வாணிகத்துக்கு மட்டுமன்று, வழி அறிவதற்குமாம். சில ஆண்டுகள் மழை பொய்த்தது. வடக்கே குடிக்க நீரில்லாமையால் முயற்சி தள்ளிப்போயிற்று.

1679ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாள், தேய்பிறையின் முடிவில், வழக்கம்போல் வணிக மூட்டையைத் தோளிலேற்றிக்கொண்டு இருவரும் எலதெத்தையிலிருந்து புறப்பட்டனர். ஆடுகளைக் கவனிக்க முதியவர் ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டு வீட்டில் இருந்தார். மீண்டும் வாரோம் என்பது அம்முதியவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்தி பரவிவிடும். ஆயினும் மீளா வழியிற் புறப்படும் நாளிலும் பட்டி காவலின்றி விடப்படவில்லை. இரண்டிலிருந்து பெருக்கிய ஆடுகள் அவை. தப்பிச் செல்லும் கைதியின் சூழ்ச்சியும், பட்டிக்காரனின் பரிவும் அவ்வொரு செயலில் ஒன்றாய்க் கலந்திருந்தன என்று கொள்வதில் தவறில்லை.

அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவைத் துணையாகக் கொண்டு, யானைகள் உலவும் காடுகளினூடே நடந்தனர். 1679ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் நாள் மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலுள்ள ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். கொட்டியாரக் கரையில் இளைஞனாய்க் காலடி வைத்தவர், அரிப்புக் கரையை அடையும்பொழுது முப்பத்தெட்டு வயதினர். இடையில் ஓடிமறைந்தவை பத்தொன்பதரை ஆண்டுகள்.

மன்னார், கொழும்பு, பத்தாவியா, பாந்தம் என்று சுற்றி, 1680ஆம் ஆண்டு இலண்டன் சேர்ந்தார். அறிவியலறிஞர் றொபேட் ஹூக்கின் ஊக்கத்தால் அவருடைய இலங்கை நூல் 1681இல் வெளியாயிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அது செருமன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. டானியல் டீபோ 1720இல் வெளியிட்ட கப்டன் சிங்கிள்டன் என்னும் கதையில் நொக்ஸின் வரலாறு எடுத்தாளப்பட்டுள்ளது. 1719இல் அவர் படைத்த றொபின்சன் குரூசோவுக்கும் நொக்ஸின் வாழ்வு தூண்டுகோல்களுள் ஒன்றாய் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவர். தனித்தீவில் வேலி கட்டி ஆடு வளர்த்த குரூசோவை மாணவர் அனைவரும் அறிவர். அதற்கு முன்பே கண்டி மலைச்சாரலில் மெய்யாகவே வேலி கட்டி ஆடு வளர்த்தவரையும் அவர்கள் அறிதல் நன்று.

மறந்ததும் மறவாததும்

வாழ்க்கை வரலாறு புகழுரையாக மட்டும் அமைதல் கூடாது. விடுதலை பெற்ற நொக்ஸ் மீண்டும் கடலோடியானார். ரொன்குயின் மேர்ச்சண்ட் என்னும் கப்பலுக்குத் தலைவரானார். கும்பனியின் பணியில், சென் எலேனாத் தீவுக்கென அடிமைகளைக் கொள்ள மடகாஸ்கருக்குச் சென்றார். பத்தொன்பது ஆண்டுகள் பிறருடைய பிடியில் தவித்தவர், பிறரைப் பிடித்து விற்கும் வாணிகத்தில் எவ்வாறு கையிட்டார் என்று எண்ணும்பொழுது நெஞ்சு கனக்கின்றது. தம்மைப் போலவே தாமும் விடுபட்டதாய்க் கருதிப் பணிய மறுத்த பறங்கிப்பேட்டைச் சிறுவன் தந்த பாடத்தை அவர் கற்கவில்லை. துன்பம் தானாக மனிதனைத் திருத்துவதில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வு ஒரு சான்று.

ஆனால் அவர் மறவாத ஒன்றும் இருந்தது. இலங்கையிற் சிறையிருந்த நண்பருக்குப் பின்னாளில் அவர் எழுதியனுப்பிய மடலில், எலதெத்தை வளவை லூசியாவுக்கு உரிமையாக்கினார். உலகின் மறுகோடியில், மீண்டும் காணவியலாத ஒரு துண்டு மலைமண், அவர் உள்ளத்தில் இன்னும் தம் வீடாகவே இருந்தது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1720ஆம் ஆண்டு யூன் 19ஆம் நாள் காலமானார். எசெக்ஸ் பகுதியிலுள்ள விம்பிஷ் என்னும் ஊரில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

நொக்ஸின் வளவு நமக்கு எதனைக் கூறுகின்றது? சிறு இன்பங்கள் பெருந்துன்பத்தை மறக்கச் செய்யும் மருந்தென்று பலர் கூறுவர். அஃது அவர் வாழ்வுக்குப் பொருந்தாது. ஆடுகள் அவரைத் தாயகத்தை மறக்கச் செய்யவில்லை. மாறாக, விடியற்காலையில் பட்டியைத் திறக்கவும், மாலையில் எண்ணி அடைக்கவும், குட்டி ஈன்ற ஆட்டுக்குத் தழை தேடவும் ஒரு கடமை இருந்தமையால், அவர் நாளெண்ணிச் சோர்ந்து அழியவில்லை. தம்மை நம்பியிருக்கும் உயிர்களைப் பேணியவர், தம்மையும் பேணிக்கொண்டார். பேணிய அவ்வுடலும் உள்ளமுமே காடு கடந்து அரிப்பை அடைந்தன.

அக்குறணையின் மேட்டுநிலத் தோட்டங்களில் இன்றும் காலையிற் பட்டி திறக்கப்படுகின்றது, கோழி கூவுகின்றது, மிளகுக்கொடி பலாமரத்தில் ஏறுகின்றது. அவ்வின்பத்தைப் பெறுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. நொக்ஸுக்கு வேண்டியிருந்தவை இருபத்தைந்து வெள்ளிக் காசுகளும் இரண்டு ஆடுகளும், மூன்று முறை அழிந்த பின்னும் நான்காம் முறை வேலி கட்டத் துணிந்த கைகளுமே.